தக்காளி டின் மல்லிகை

மோன்ஜியாவுக்கு ஒரு செடியின் பெயரும் தெரியாது. வக்கீல் மனைவி கொண்டுவந்து விட்ட அகல இலைச் செடிக்கு அவள் வைத்த பெயர் கோபக்காரி. பல் டாக்டரின் வரவேற்பறையிலிருந்து வந்த தொங்கு செடி, நோஞ்சான். கல்யாணமாகிப் போன ஒரு பெண் விட்டுச் சென்ற கற்றாழை, வாய்த்துடுக்கு. கடலோர ஊரான மஹ்தியாவின் பழைய பகுதியில் யார் வீட்டுச் செடி வாடினாலும், "மோன்ஜியாகிட்ட கொண்டு போய் விட்டுடு" என்பார்கள். அவளும் வாங்கி வைத்துக்கொள்வாள். என்ன உரம் போட்டாய், எத்தனை வேளை தண்ணீர் ஊற்றினாய் என்று யாராவது கேட்டால்தான் விழிப்பாள்.

"எனக்கென்ன தெரியும்? கொஞ்ச நாள் பார்த்துக்கிட்டே இருப்பேன். என்ன வேணும்னு அதுவே சொல்லும்."

"எங்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது" என்பார் உள்ளே கிண்ணத்தை வழித்துக்கொண்டிருக்கும் அவள் கணவர் தாயிப். "எனக்குக் காது மந்தம் போல."

"காது மந்தமில்ல மனுஷா, பொறுமை மந்தம். நாக்கும் மந்தம். குஸ்குஸுல இத்தனை உப்புப் போட்டிருக்கேன், மறுபடியும் எதுக்கு உப்புக் கிண்ணத்தை எடுக்கறே?"

"இதுல உப்பே இல்லையே!"

பிறந்தது முதல் கடலில் கிடந்த மனிதர். மீன் பிடிப்பவர்களில் பலருக்கு இப்படித்தான் நாக்கு மரத்துப்போகும் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த நாக்கு ஒரு நாள் அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மோன்ஜியா ஹம்மாமில், அதாவது பெண்களுக்கான பொது வெந்நீர்க் குளியலறையில், முதுகு தேய்த்துவிடுகிறவள். ஆவி மண்டிய அந்த அறையில் யார் முகமும் தெளிவாகத் தெரியாது. தோளில் கை வைப்பாள். ஒரு நிமிடம் சும்மா இருப்பாள். "என்னம்மா, வீட்டுல சண்டையா?" என்பாள். அவ்வளவுதான், அந்தப் பெண் உடைந்து அழத் தொடங்குவாள். அதே கையைத்தான் செடிகள்மீதும் வைத்தாள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு டின்னையும் தூக்கிப் பார்ப்பாள், தூங்கும் குழந்தையைத் தூக்கிப் பார்ப்பதுபோல. கனத்தால், "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று வைத்துவிடுவாள்.

கோபக்காரி வந்து சேர்ந்த புதிதில் இலை இலையாக உதிர்த்துக்கொண்டிருந்தது. வக்கீல் வீட்டில் பூட்டிக் கிடக்கும் விருந்தினர் அறையில் இருந்ததாம். மோன்ஜியா அதைச் சமையலறை வாசலில், போகிற வருகிறவர்கள் உரசும் இடத்தில் வைத்தாள். தாயிப்புக்கு அது இடைஞ்சல். "இவளுக்குத் தண்ணி வேண்டாம், ஆள் வேணும்" என்றாள் மோன்ஜியா. தினமும் அதன் இலையில் இடித்துக்கொண்டு திட்டியபடி போனார் தாயிப். குளிர்காலம் முடியுமுன் சிவந்த உறையைக் கிழித்துக்கொண்டு ஒரு புது இலை வந்தது. "பார்த்தியா, உன் திட்டுல வளர்ந்த பொண்ணு" என்று அவள் சிரித்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரி. எந்தத் தொட்டியையும் திருப்பி வைக்க விடமாட்டாள். செடி வெளிச்சத்தைப் பார்த்து ஒரு பக்கமாகச் சாய்ந்தால் சாயட்டும். "யாராவது உன் தாடையைப் பிடிச்சு முகத்தைத் திருப்பினா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்பாள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த பெண்தான் அவள்.

அவர்களுக்கு ஒரே மகன், வஜ்தி. படகு எஞ்சின் பழுது பார்ப்பான். குளிர்காலத்தில் வேலை இருக்காது, கோடையில் இருந்தாலும் போதாது. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பிழைப்புத் தேடிக் கள்ளப் படகேறி அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு இலையுதிர்காலத்து மாலையில் கையில் ஒரு மல்லிகைக் குச்சியோடு வந்தான். பக்கத்து வீட்டு ஷெத்லியாவின் மதிலில் படர்ந்த வெள்ளை மல்லிகையிலிருந்து ஒடித்தது. காலித் தக்காளி டின்னின் அடியில் திருப்புளியால் துளை போட்டான். மண்ணை நிரப்பிக் குச்சியை நட்டான். வலை பின்னும் நீல நூலால் அதை ஒரு கழியோடு சேர்த்துக் கட்டித் தன் அறை ஜன்னலில் வைத்தான்.

"உம்மா, இது பூத்ததும், கோடையில நம்ம ஊரு ஆம்பளைங்க வச்சுக்கற மாதிரி, செண்டு கட்டி பாபா காதுல செருகிவிடு. அதுக்குள்ள நான் போன் பண்ணிடுவேன்."

"எங்கேருந்துடா போன் பண்ணுவே? அடுத்த தெருவுல இருந்தா?" என்று மோன்ஜியா சிரித்தாள்.

விடிந்தபோது அவன் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பையன்கள் ஒரு படகில் போய்விட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. போன் வரவில்லை. சில வாரங்களில் அந்தப் படகில் போனவர்களில் சிலரின் உடல்களைத் தெற்கே கடல் கரையில் ஒதுக்கியது. வஜ்தி அவர்களில் இல்லை. உயிரோடு இருப்பவர்களிலும் அவன் பெயர் இல்லை. தாயிப் மகனின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஏறி இறங்காத வாசல் இல்லை. பிறகு அந்தப் படத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மல்லிகைக் குச்சி துளிர்த்தது.

அந்தத் துளிரைப் பார்த்த நாளில் மோன்ஜியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்த டின்னுக்கு முற்றத்தின் அடியிலிருக்கும் மழைநீர்த் தொட்டியின் தண்ணீர்தான். மற்றச் செடிகளுக்குப் பெயர் வைத்தவள் இதற்கு வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. காலையில் அந்த அறைக் கதவைத் திறந்து, "எழுந்துட்டியா?" என்பாள். வெளியே நின்று கேட்கும் தாயிப் வலைக் கூடையை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விடுவார்.

ஹம்மாமில் ஒருத்தி இரக்கப்பட்டு, "அல்லாஹ் உன் மகனுக்கு ரஹ்மத் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டாள். இறந்தவர்களுக்குச் சொல்லும் சொல் அது. மோன்ஜியா பக்கத்திலிருந்த குளிர்ந்த நீர் வாளியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தாள். "என் பிள்ளை ஜன்னல்ல துளிர் விட்டுக்கிட்டு இருக்கான்! யாருக்குடி ரஹ்மத் கேக்கறே?" அதன் பிறகு மஹ்தியாவில் யாரும் அவள் காதுபட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. கடலை அறிந்த தாயிப்புக்குத் தன் எலும்பு வரைக்கும் உண்மை தெரியும். அவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? அந்தச் செடி நிற்கும் வரைதான் அவளும் நிற்பாள் என்று அவர் நம்பினார்.

இரண்டு கோடை கடந்தும் கொடி வளர்ந்ததே தவிரப் பூக்கவில்லை. போன குளிர்காலத்தில் மோன்ஜியாவுக்குப் பித்தப்பையில் கல். ஸ்பாக்ஸ் நகரத்தில் அவள் தங்கை வீடு இருந்ததால் அங்கேயே அறுவை சிகிச்சை என்று முடிவானது. காயம் ஆறும்வரை தங்கை விடமாட்டேன் என்றாள். மோன்ஜியா மூட்டையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். மற்றச் செடிகளையெல்லாம் ஷெத்லியாவிடம் ஒப்படைத்துவிட்டாள். மல்லிகையை மட்டும் தாயிப்பிடம்.

"அதை ஏன் அண்ணன்கிட்ட விடுறே?" என்றாள் ஷெத்லியா. "இவரு மீனைத் தவிர எதையும் உயிரோட வச்சிருந்ததில்லையே. மீனையும் எங்க வச்சிருந்தாரு!"

"பெத்தவன் பார்த்துப்பான்" என்றாள் மோன்ஜியா. பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "தூக்கிப் பாரு. லேசா இருந்தா மட்டும் ஊத்து. பயந்துக்கிட்டுத் தினமும் ஊத்தாதே. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்ந்திரு, அது போதும்."

தாயிப் அப்படியே செய்தார். தினமும் தூக்கிப் பார்த்தார். அவர் கைக்கு எல்லாமே லேசாகத்தான் இருந்தது. நங்கூரம் தூக்கிய கை. அந்த வருடம் மழை பொய்த்தது. மழைநீர்த் தொட்டியின் அடியில் வாளி இடித்தது. மிச்சமிருந்த நல்ல தண்ணீர் குடிக்கவே வேண்டும். அவர் குழாயில் எப்போதாவது வரும் தண்ணீரைப் பிடித்து முற்றத்தில் வலைகளை அலசும் பழக்கமுள்ளவர். முதல் அலசலும் இரண்டாவதும் உப்பு, மூன்றாவது தெளிந்த தண்ணீர். அதை வீணாக்குவானேன் என்று ஒரு நாள் தோன்றியது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கொஞ்சமும் கரிக்கவில்லை. இனிப்பாகவே இருந்தது.

அந்தத் தண்ணீரை மகனுக்கு ஊற்றினார்.

ஊற்றிவிட்டு, மோன்ஜியா சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தும் இருந்தார். செடியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் அன்றைக்குக் கிடைத்த மீனைப் பற்றிப் பேசினார். எஞ்சின் இருமுவதைச் சொன்னார். "நீ இருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பே" என்றார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு தகப்பனும் மகனும் பேசிக்கொண்டதுபோல இருந்தது.

முதலில் இலை விளிம்புகள் கருகின. தாகம் என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றினார். பிறகு ஒரு காலையில் கதவைத் திறந்தபோது கொடி முழுவதும் காய்ந்த தேயிலைபோலச் சுருண்டு கிடந்தது. ஷெத்லியா ஓடிவந்தாள். டின் மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள்.

"அண்ணே, உப்பு!"

தாயிப் டின்னை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கடல் ஒரு முறை எடுத்துக்கொண்டது போதாதா? அவர் கையாலேயே இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டுமா?

"அவகிட்ட சொல்லாதே ஷெத்லியா. உன் காலைப் பிடிச்சுக்கறேன். உன் மதில்ல இருந்து ஒரு குச்சி குடு."

"குச்சி என்னிக்கு இந்த உயரம் வளரும்? அவ அடுத்த வாரம் வந்துடுவாளே அண்ணே!"

அன்று மதியமே தாயிப் காய்ந்த செடியை ஒரு மீன் கூடையில் படுக்க வைத்து, துணி போட்டு மூடி, ஊருக்கு வெளியே இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு எடுத்துப்போனார்.

"இதென்ன மாமா, செத்ததைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றான் பண்ணைக்காரன்.

"அளவு பார்க்க" என்றார் தாயிப்.

அவன் சிரிக்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அதே உயரம், அதே இரண்டு கிளை, இடப்பக்கக் கிளையில் முழங்கைபோல ஒரு வளைவு. வரிசை வரிசையாகத் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். "மல்லிகைதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்றான் பண்ணைக்காரன். வீட்டுக்கு வந்து டின்னைக் கழுவிப் புது மண் போட்டார். அதே நீல நூலை அவிழ்த்து அதே முடிச்சாகப் போட்டார். டின்னின் நெளிசல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே வைத்தார். காய்ந்ததைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை. அதைத் தன் படகின் முன்மூலையில், பழைய வலைகளுக்கு அடியில் வைத்தார்.

மோன்ஜியா இளைத்துப்போய் வந்து சேர்ந்தாள். மூட்டையைக்கூட இறக்காமல் நேரே அந்த அறைக்குள் போனாள். தாயிப் வாசல்படியிலேயே நின்றார். அவள் இலைகளுக்கு நடுவே கையை விட்டாள். டின்னைத் தூக்கினாள், மறுபடி வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அவர்.

"நல்லா இருக்கு" என்றாள். "நல்லாப் பார்த்துக்கிட்டே, மனுஷா."

அன்று குழம்பில் உப்பே போட மறந்துவிட்டாள். அவரும் உப்புக் கிண்ணத்தைத் தேடவில்லை.

அதன் பிறகும் அவள் காலையில் அந்த அறைக்குப் போனாள். கை வைத்துப் பார்த்தாள், குடிக்க வைத்திருந்த மழைநீரில் கொஞ்சம் ஊற்றினாள். ஆனால் "எழுந்துட்டியா?" என்ற குரல் மட்டும் வரவில்லை. உடம்பு சரியில்லாதவள், களைத்திருக்கிறாள் என்று தாயிப் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கோடை வந்தது. ஷெத்லியாவின் மதில் வெள்ளையாகப் பூத்துக் கொட்டியது. ஜன்னல் மல்லிகையும் மொட்டு விட்டது. தாயிப் குனிந்து பார்த்தார். மொட்டின் அடிப்பக்கம் பிச்சிப்பூபோலச் சிவந்திருந்தது! ஷெத்லியா வீட்டு மல்லிகை நுனி முதல் காம்பு வரை வெள்ளை. குழந்தைகூடச் சொல்லிவிடும், இது அந்தக் கொடியின் பிள்ளையில்லை என்று. எல்லாம் ஒன்றுதான் என்றானே, பாவி!

அன்றிலிருந்து அவர் படகைத் தாமதமாக எடுத்தார். மோன்ஜியா அடுப்படியில் ரொட்டி மாவு பிசையும் நேரமாகப் பார்த்து அறைக்குள் நுழைவார். சிவந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, மகனின் புகைப்படம் இருக்கும் அதே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு கடலில் வீசிவிடுவார்.

"என்ன அண்ணே, உங்க சட்டை இவ்வளவு மணக்குது?" என்று ஷெத்லியா தெருவில் வைத்துக் கேட்டாள். "இந்த வயசுல யாரைப் பார்க்கப் போறீங்க?"

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தார்.

ஒரு காலை, கிள்ளுவதற்காக நீட்டிய அவர் கைமீது இன்னொரு கை விழுந்தது. மாவு ஒட்டிய கை.

"விடு" என்றாள் மோன்ஜியா. "பூக்கட்டும்."

"மோன்ஜியா... பூச்சி இருந்துச்சு... அதான்..."

"பூச்சியுமில்ல ஒண்ணுமில்ல. எனக்குத் தெரியும்."

அவர் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வந்த அன்னிக்கே தெரியும். கையை வச்சதும் தெரிஞ்சுது. அவன் கடல் பக்கமா சாஞ்சிருப்பான். இது யாரையோ தேடுற மாதிரி அறைக்குள்ள பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கல? நாலு அறை விட்டிருக்கலாமே! உன் பிள்ளையை நான்தான் கொன்னேன்! வலை அலசின தண்ணிய ஊத்திக் கொன்னேன்!" அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ கொல்லல. தண்ணியும் கொல்லல. அவன் எப்பவோ போயிட்டான், மனுஷா. எனக்கும் தெரியும். நீ சொல்லாத வரைக்கும் நானும் சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன். நீ திருடன் மாதிரி வந்து மொட்டுக் கிள்ளுறதைத் தினமும் கதவிடுக்குல பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னிக்கு முடியல. உன் கை அப்படி நடுங்குது."

"எல்லாம் தெரிஞ்சும் இதுக்கு ஏன் தண்ணி ஊத்தினே? தூக்கி எறிஞ்சிருக்கக் கூடாதா?"

"இது என்ன பாவம் பண்ணிச்சு?" என்றாள் மோன்ஜியா. சிவந்த மொட்டு ஒன்றை விரல் நுனியால் தொட்டாள். "இதுவும் யாரோ பெத்த பிள்ளை. எங்கேயோ பொறந்து நம்ம ஜன்னல்ல வந்து ஒதுங்கிடுச்சு. என் பிள்ளை எந்தக் கரையில ஒதுங்கினானோ... அங்க ஒருத்தியாவது, யாரு பெத்த பிள்ளையோன்னு, அவன் மேல ஒரு கை மண்ணு..."

இரண்டு பேரும் மகனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அத்தனை காலமும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுததைச் சேர்ந்து அழுதார்கள். மாவு அடுப்படியில் புளித்துப் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். "அவனை எங்க வச்சிருக்கே?"

"படகுல. வலைக்கு அடியில."

"இத்தனை நாளாக் கடல்லயா வச்சிருக்கே?" அவள் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "போதும். கரைக்குக் கொண்டு வா."

அன்று பிற்பகல் தாயிப் படகிலிருந்து அந்தக் காய்ந்த கொடியை இரு கைகளிலும் ஏந்தி இறக்கினார். மோன்ஜியா பாறை ஓரத்தில் காத்திருந்தாள். கடலைப் பார்த்தபடி இறங்கும் அடக்கத்தலத்தின் வெள்ளைக் கபர்களுக்கு அப்பால், கடல் கொண்டுவந்து போட்ட பெயர் தெரியாதவர்களை அடக்கிய ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு ஓரத்தில் இருவரும் கையாலேயே மண்ணைத் தோண்டினார்கள். அந்தக் கொடியை இலையும் வேருமாகப் படுக்க வைத்து மூடினார்கள். அது கபர் இல்லை என்று இருவருக்கும் தெரியும். மூடிய பிறகும் மோன்ஜியா அந்த மண்மீது கையை வைத்தபடியே இருந்தாள், ஹம்மாமில் ஒரு பெண்ணின் தோளில் வைப்பதுபோல.

பிறகு மடியிலிருந்து ஒரு செண்டை எடுத்தாள். அன்று காலை கிள்ளப்படாமல் தப்பிய மொட்டுகளை ஈர்க்கில் சேர்த்து நூல் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"தலையைத் திருப்பு."

"வேண்டாம் மோன்ஜியா. எனக்கு எதுக்கு?"

"அவன் சொல்லிட்டுப் போன வேலை. திருப்பு."

அவர் திருப்பினார். அவள் செண்டை அவர் காதில் செருகினாள். சரியாக நிற்கிறதா என்று விலகிப் பார்த்தாள். அப்புறம் கடலைப் பார்த்து, தான் யாரையும் சொல்லவிடாத அந்தச் சொல்லைத் தன் வாயாலேயே சொன்னாள்.

"அல்லாஹ் உனக்கு ரஹ்மத் செய்யட்டும், வஜ்தி. தூங்கு, ராசா."

தாயிப்பின் கன்னத்தில் வழிந்தது உதட்டைத் தொட்டது. நாக்கு அதை எடுத்துக்கொண்டது. அந்த மரத்துப்போன நாக்குக்கு அன்று நன்றாகக் கரித்தது.

மோன்ஜியா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "வா, போகலாம்" என்றாள். "அந்தச் சிவப்பு மொட்டுக்காரி காலையிலேருந்து தண்ணியில்லாம கிடக்கிறா."